ஹௌஸ் அல்ல, ஹூஸ்: மாஸ்ட்ரிக்ட் ஊர்ப் பேச்சைக் காதில் வாங்கிய கதை

நெதர்லாந்தின் தெற்கே மாஸ்ட்ரிக்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வருவதற்கு முன்பே டச்சு படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். அந்தத் தைரியத்தில் முதல் நாள் காலை ஷிஃப்டுக்குப் போனால், பாட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. அவர்கள் பேசியது டச்சு அல்ல, இந்த லிம்பர்க் மாகாணத்துப் பேச்சான லிம்பர்கிஷ். அதிலும் அந்த ஊருக்கே உரிய வகை. ஊர்ப் பெயரையே அவர்கள் 'மெஸ்த்ரேஹ்' என்றுதான் சொல்வார்கள்.

டச்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "அதைக் காதில் வாங்காதே, உன் டச்சு கெட்டுவிடும்" என்றார். அந்தப் பேச்சை ஒரு வருடம் நம்பியதுதான் எனக்கு இன்னும் வருத்தம். கெடுவதற்கு எதுவும் இல்லை. முக்கியமாக உயிரொலிகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அது பிடிபட்டால் பாதி பேச்சு திறந்துவிடும்.

எனக்கு அது பிடிபட்டது பஸ்ஸில். நகரின் பெரிய சதுக்கத்துக்கு டச்சில் 'ஃப்ரைட்ஹோஃப்' என்று பெயர். பக்கத்தில் இருந்தவர் 'ஃப்ரீட்ஹோஃப்' என்றார். அட, ஐ இருந்த இடத்தில் ஈ! அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். டச்சில் நேரம் 'டைட்', இங்கே 'டீட்'. ஒயின் அங்கே 'வைன்', இங்கே 'வீன்'. வீடு அங்கே 'ஹௌஸ்' மாதிரி ஒலிக்கும், இங்கே 'ஹூஸ்'. டச்சில் பழைய நீண்ட ஈயும் ஊவும் பல நூறு வருடங்களுக்கு முன்பே இரட்டை உயிராக உடைந்துவிட்டன. அந்த மாற்றம் இந்த ஊர் வரை வந்து சேரவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த பாதி. கல்லுக்கு டச்சில் 'ஸ்டேன்', இங்கே 'ஸ்டெய்ன்'. மரம் அங்கே 'போம்', இங்கே 'பௌம்'. அதாவது டச்சு உடைத்ததை இவர்கள் நேராக வைத்திருக்கிறார்கள், டச்சு நேராக்கியதை இரட்டையாகவே வைத்திருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு, கேட்காத ஒரு சொல் வந்தாலும் உயிரொலியை மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். பல தடவை சரியாக விழுந்துவிடும்.

ஆ-வும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஊர் நடுவே ஓடும் ஆறு டச்சில் 'மாஸ்'. பாட்டிகள் வாயில் அது ஆ-வும் அல்ல, ஓ-வும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறந்து சொல்லும் ஒலி. 'ஹால்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கிலேயர் சொன்னால் வருமே, அது. தெரு, ஆமாம், கார்னிவல் எல்லாவற்றிலும் அதே ஒலிதான். கார்னிவலுக்கு இங்கே 'ஃபாஸ்டலோவெண்ட்' என்று பெயர். அதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு மூன்று கார்னிவல் ஆயிற்று.

எங்கள் இல்லத்தில் இரண்டு பாட்டிகள் பக்கத்துப் பக்கத்து அறை. ஒருவரின் அப்பா பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இன்னொருவர் கடைக்காரக் குடும்பம். பீங்கான் வேலை 19-ஆம் நூற்றாண்டில் பெட்ருஸ் ரெகூ என்ற தொழிலதிபர் தொடங்கியதிலிருந்து நீண்ட காலம் இந்த ஊரின் பெரிய தொழிலாக இருந்தது. இரண்டு பேரும் அதே ஊர்ப் பேச்சுதான், ஆனால் முதல் பாட்டி உயிரொலிகளை இன்னும் இழுப்பார். உழைக்கும் மக்களின் இந்தப் பேச்சை 'லாங்க் மெஸ்த்ரேஹ்ஸ்', அதாவது நீளமானது என்பார்கள். வசதியானவர்களுடையது குட்டையானது. உயிரொலியின் நீளத்தை வைத்து ஒருவர் எந்தத் தெருவில் வளர்ந்தார் என்று சொல்லும் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

சரி, நான் சொல்ல வந்த சம்பவம் இதுதான். அந்தப் பீங்கான் வீட்டுப் பாட்டி ஒரு நாள் மதியம் என்னிடம் 'ஸ்போலெ' என்பது மாதிரி ஒரு சொல்லைச் சொன்னார். (ஏ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, உதட்டை ஓ-வுக்குக் குவிக்க வேண்டும். தமிழில் எழுத முடியாத ஒலி.) விளையாடு என்பதற்கு அந்தச் சொல் எனக்குத் தெரியும். சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். அவர் கையில் இருந்த காபிக் கப்பைக் காட்டினார். அலசித் தரச் சொல்லியிருக்கிறார்! டச்சில் விளையாடுவது 'ஸ்பேலென்', அலசுவது 'ஸ்பூலென்', குழப்பமே இல்லை. இந்த ஊரில் இரண்டும் ஒரே உயிரொலிக்கு வந்துவிட்டன. வித்தியாசம் குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டும். ஒன்றில் குரல் சட்டென்று விழும், மற்றதில் இழுத்துக்கொண்டே போகும். பாட்டி என்னை உட்கார வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார். பத்து தடவைக்கு மேல் கேட்ட பிறகுதான் என் காதுக்கு அது இரண்டு சொல்லாகத் தெரிந்தது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எழுதுங்கள்.

பதில், சிட்டார்டிலிருந்து:

அக்கா, நான் வடக்கே சிட்டார்டில் இருக்கிறேன், வேலை பக்கத்துக் கெலேனில். நீங்கள் 'ஸ்டெய்ன்' என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் அது 'ஷ்டெய்ன்'. சொல்லின் தொடக்கத்து ஸ்-ஐ நாங்கள் ஷ் ஆக்கிவிடுவோம், மாஸ்ட்ரிக்ட்காரர்கள் ஆக்க மாட்டார்கள். தொழிற்சாலை கேன்டீனில் ஒருவர் வாயைத் திறந்து 'தெரு' என்றாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும்.

குரலை வைத்து ஒருமை பன்மை பிரிப்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. லிம்பர்க்கின் பல ஊர்களில் 'பெய்ன்' என்று இழுத்தால் ஒரு கால், சட்டென்று விட்டால் கால்கள். நாளும் நாட்களும் அப்படித்தான். ருர்மொண்ட் நண்பர் ஒருவர் முயலையும் முயல்களையும் இப்படியே பிரிப்பார். பன்மை விகுதி எதுவும் கிடையாது, குரல்தான் விகுதி. இழுக்கும் குரலுக்கு 'ஸ்லேப்டோன்', விழும் குரலுக்கு 'ஸ்டோட்டோன்' என்று டச்சில் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்தில் இதைக் காட்டும் வழக்கம் இல்லை. அதனால்தான் அக்கா, புத்தகம் வாங்கிப் படித்தும் எனக்கு ஏறவில்லை.

பதில், மாஸ்ட்ரிக்ட், ஆற்றுக்குக் கிழக்கே வைக் பகுதியிலிருந்து:

என் மகள் இங்கே விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறாள், நான்கு வயது. அவள் பன்மையை வேறு வழியில் கொண்டுவந்தாள். பாதம் 'ஃபோட்', பாதங்கள் உதட்டைக் குவித்துச் சொல்லும் 'ஃபேட்'. மரம் 'பௌம்', மரங்களுக்கு உயிரொலி முன்னால் நகர்ந்துவிடும். நான் டச்சில் 'புமென்' என்று ஏதோ சொல்ல, திருத்திவிட்டாள். அதுவும் 'போமென்' என்று இருக்க வேண்டுமாம், என் டச்சுத் தவறையும் சேர்த்து!

இதை வெறும் கொச்சை என்று சொல்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். 1997-ல் நெதர்லாந்து அரசு லிம்பர்கிஷை வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தின் கீழ் வட்டார மொழியாக ஏற்றுக்கொண்டது. 1926-லேயே இங்கே ஃபெல்டெகே என்ற சங்கம் இந்தப் பேச்சுகளைக் காக்கத் தொடங்கியது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், பள்ளியில் டச்சும், மணல் குழியில் மெஸ்த்ரேஹ்ஸும் பேசட்டும். எதுவும் எதையும் கெடுக்காது. அக்கா, அந்த 'ஸ்போலெ' உங்களுக்கு இப்போது வாயில் வருகிறதா?

மீண்டும் நான்:

வைக் தம்பி, ஃபோட்–ஃபேட் எனக்கும் உண்டு, பாட்டிகளுக்குக் காலுறை போடும்போது தினமும் வரும் சொல். சிட்டார்ட் தம்பி, ஒருமை பன்மை பற்றி நீங்கள் எழுதியதை இன்று என் பாட்டியிடம் கேட்டேன். தன் காலைத் தட்டிக் காட்டி, ஒற்றைக் கால், இரண்டு கால் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடம் பேசியும் அதைத் தனியாகக் கவனித்ததே இல்லை என்றார்.

வாயில் வருகிறதா என்றால், காதுக்கு வந்த அளவுக்கு வாய்க்கு வரவில்லை. அவருடைய அனுமதியோடு இரண்டு சொல்லையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், சைக்கிளில் போகும்போது கேட்பேன். தினமும் காலை காபி கொடுக்கும்போது அவர் கப்பை மேஜையில் வைத்துவிட்டு என்னைச் சொல்லச் சொல்வார். அலசுவதைச் சொன்னால் கப்பை நீட்டுவார், விளையாடுவதைச் சொன்னால் சீட்டுக்கட்டை எடுப்பார். நேற்று மூன்று தடவையில் இரண்டு தடவை நான் நினைத்ததை எடுத்தார்.