கனடாவின் பகுதிநேரப் படையில் மெக்கானிக் வேலை: கையெழுத்திடும் முன் நம் கொங்குப் பிள்ளைகள் அறிய வேண்டியவை

சென்ற தை மாதம் சங்ககிரிக்கு வந்திருந்தபோது, பிராம்ப்டனுக்கும் டொராண்டோவுக்கும் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் மூன்று வீட்டார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லாரிப் பட்டறையில் கை பழகிய பையன் அங்கே கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறானே, நீ வாரம் ஒருநாள் போகும் பட்டாளத்து மெக்கானிக் வேலைக்கு அவனும் வரலாமா என்பதுதான் அது. ஊர்த் திண்ணையில் சொன்ன பதிலை, புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் உதவும்படி இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கனடாவின் முதன்மை ரிசர்வ் படையில், அதாவது பகுதிநேரப் படையில், வாகன டெக்னீஷியனாக இருக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு என்பது வழக்கமான அளவு. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் அரைநாள் சம்பளமும், அதற்கு மேல் போனால் முழுநாள் சம்பளமும் கிடைக்கும். ஆகவே இதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. பிழைப்புக்கு வேறு வேலை இருந்தே ஆக வேண்டும். வாகனம், ஆயுதம், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் தொழில்கள் எல்லாம் 1944-ல் தோன்றிய ராயல் கனடியன் எலெக்ட்ரிகல் அண்ட் மெக்கானிகல் எஞ்சினியர்ஸ் என்ற பிரிவின் கீழ் வருகின்றன. கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வெல்டிங் கற்றவர்களுக்கு அதே பிரிவில் மெட்டீரியல்ஸ் டெக்னீஷியன் என்ற தொழில் இருக்கிறது. பாலம் அமைப்பது, தடைகளை அகற்றுவது போன்றவை காம்பாட் எஞ்சினியர் படையணிகளின் வேலை. அது வேறு வழி.

குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே சேரலாம் என்றிருந்த விதி 2022 நவம்பரில் தளர்ந்து, நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றானது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் இப்போதைக்கு இதை மறந்துவிட்டுப் படிப்பை முடிப்பதே நல்லது. அமெரிக்காவில் கிரீன் கார்டு இருந்தால் ரிசர்வில் சேரலாம். ஆஸ்திரேலியாவில் நம்மவர்கள் குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். கனடாவில் வாசல் திறந்திருந்தாலும் நடை நீளமானது. வெளிநாட்டில் வளர்ந்தவர்களின் பின்னணிச் சோதனைக்குக் காலம் பிடிக்கும். எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கோவையில் தங்கிய அறை, வேலை பார்த்த பட்டறை, தேதிகள் எல்லாவற்றையும் ஊரில் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் தகுதித் தேர்வைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதி, 20 கிலோ மணல் மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் 30 முறை, மூன்றரை நிமிடத்துக்குள் தூக்குவது. லாரி டயர் கழற்றி மாட்டியவர்களுக்கு அது பழகிய வேலைதான். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கப் பழகுங்கள்.

உண்மையில் எனக்குக் கடினமாக இருந்தது கையை மாற்றிக்கொள்வதுதான். எங்கள் பட்டறையில் ஹப் நட்டை ஸ்பேனரில் பைப் செருகி இறுக்குவோம். போதும் என்பதைக் கையே சொல்லும். இங்கே முதல் மாலை நான் அப்படி இறுக்கிய நட்டை, சார்ஜென்ட் ஒன்றும் பேசாமல் முழுவதும் தளர்த்திவிட்டு, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை என் கையில் கொடுத்து, கையேட்டில் இருந்த எண்ணை விரலால் காட்டினார். அந்த எண்ணை வைத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை இழுத்து, வேலைத் தாளில் கையெழுத்திட்டபோதுதான், என் கைக்கு இதுவரை யாரும் சாட்சி கேட்டதில்லை என்பது எனக்கு உறைத்தது. கிளம்பும் முன் ஒவ்வொரு கருவியும் பலகையில் வரைந்த அதன் நிழலுருவத்தில் மாட்டப்பட வேண்டும்; ஒரு பத்தாம் நம்பர் சாக்கெட் குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இந்த ஒழுங்குக்காகவே இந்த வேலையை நான் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் இதில் சேர்ந்தால் வெளியில் மெக்கானிக் லைசென்ஸ் தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கனரக லாரிக்கு 310டி (310T) என்ற சான்று வேண்டும். படையில் செய்த வேலை அதற்கு ஆதாரமாக உதவலாம், அதுவும் நீங்கள் மணிக்கணக்கை வாரந்தோறும் எழுதி, மேலதிகாரியின் கையெழுத்தோடு வைத்திருந்தால்தான்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதைச் சொல்கிறேன். சேரும் நாளில் கனடாவின் மன்னரான சார்லஸுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். அதைச் சடங்காக நினைக்காமல் மனத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். வெளிநாட்டுப் பணிகளுக்கு ரிசர்வ் வீரர்கள் பொதுவாகத் தாமாக முன்வந்தே போகிறார்கள் என்றாலும், நெருக்கடியில் அழைக்கும் அதிகாரம் அரசுக்குச் சட்டப்படி உண்டு. அதோடு, வெளிநாட்டு இராணுவத்தில் பணிபுரிபவர்களுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) கிடையாது என்பது இந்திய அரசின் விதி. நாளை நீங்கள் கனடியக் குடியுரிமை வாங்கினால், அம்மா அப்பாவைப் பார்க்க வருவதற்கும் ஒவ்வொரு முறையும் விசாவுக்கு நிற்க வேண்டி வரலாம். எனக்கு விண்ணப்பம் நிரப்ப உதவியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையெழுத்திட்டு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறேன். தோட்டமும் பெற்றோரும் ஊரில் இருப்பவர்கள், பகுதிநேரப் பணிக்கு இவ்விதி எப்படிப் பொருந்தும் என்பதைத் துணைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

வேலை கொடுத்திருக்கும் முதலாளியிடமும் முன்கூட்டியே பேசுங்கள். ரிசர்வ் பணிக்காகச் சம்பளமில்லா விடுப்பில் போகும் ஊழியரின் வேலையை ஒன்டாரியோ சட்டம் பாதுகாக்கிறது. ஆனாலும் தேதியைக் கடைசி நேரத்தில் சொல்பவரை எந்தப் பட்டறையும் விரும்பாது. படையின் தொழிற்பயிற்சி ஒன்டாரியோவிலுள்ள போர்டன் இராணுவ முகாமில் நடக்கும். என்னைப் போன்ற பகுதிநேரக்காரர்களுக்கு அது பெரும்பாலும் கோடையில்தான் அமைகிறது. "கண்ணு, பட்டாளத்துக்குப் போனா நோம்பிக்கு உடுவாங்களா?" என்று அம்மா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த வாரங்கள் ஆடி மாதத்தோடு சேர்ந்தே வருகின்றன. பவானி கூடுதுறையில் ஆடிப் பதினெட்டுக்கு வருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தால், பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.