டெல்லி கணேஷ் நடிப்பைப் பாடமாகப் பார்க்க எங்கே தொடங்கலாம்?

முன்திரை கேட்டது:

சபா நாடக நடிகர்கள் குறும்படம், சீரியல் என்று கேமரா முன் வந்தால் முதல் நாளே இரண்டு சொல் காதில் விழுகிறது: "குரலைக் குறைங்க", "முகத்துல இவ்வளவு வேண்டாம்". குறைத்தால் அடுத்த சொல், "உயிரே இல்லையே". இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது எப்படி என்பதற்கு டெல்லி கணேஷைப் பாருங்கள் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 400 படங்களுக்கு மேல் நடித்தவர். எதை எடுப்பது, எதை விடுவது?

எனக்கு வேண்டியது மூன்று. பாடமாகப் பார்க்க ஐந்தாறு படங்கள், ஒவ்வொன்றிலும் எதைக் கவனிப்பது என்ற குறிப்போடு. மேடையிலிருந்து அவர் எதைக் கொண்டுவந்தார், எதை வாசலிலேயே விட்டார் என்பது. மூன்றாவது, டெல்லிக்காரரான அவருக்கு இத்தனை வட்டாரத் தமிழ் எப்படி வசப்பட்டது? புகழ்மாலை வேண்டாம். இடம் சுட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒப்பனையறை எழுதியது:

முதலில் ஒரு திருத்தம். அவர் டெல்லிக்காரர் இல்லை, நெல்லைச் சீமைக்காரர். 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தார். சொந்த ஊர் வல்லநாடு. இன்றைய தூத்துக்குடி மாவட்டம். 1964 முதல் 1974 வரை பத்தாண்டு இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவின் மேடை. பெயருக்கு முன்னால் 'டெல்லி' சேர்த்தது கே. பாலசந்தர். அவர் இயக்கிய 'பட்டினப் பிரவேசம்' (1977) தான் கணேஷின் முதல் படம். அது விசு எழுதி மேடையேறிய நாடகத்தின் திரைவடிவம். ஆக, சினிமாவுக்கு வரும்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது, மேடைப் பழக்கம் கையில் இருந்தது. இருபது வயதில் நாயகனாக வரத் துடிப்பவரின் அவசரம் அவரிடம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது படங்கள். மூன்று ஐயர்களை அடுத்தடுத்துப் பாருங்கள். 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐயர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் சமையற்காரர் பாலக்காட்டு மணி ஐயர். 'அவ்வை சண்முகி' (1996) படத்தில் சேதுராம ஐயர். ஒரே சாதி அடையாளம், ஒரே நடிகர், மூன்றிலும் கமல்ஹாசன்தான் எதிரில். சோம்பல் உள்ள நடிகர் மூன்றுக்கும் ஒரே 'ஏண்டா அம்பி'யை வைத்து ஓட்டியிருப்பார். இவர் அப்படிச் செய்யவில்லை. நாயகனின் ஐயர் அதிகம் பேசாதவர். மணி ஐயருக்குப் பேச்சு நிற்காது, கவலையும் நிற்காது. சேதுராமனுக்கு யார் முன்னால் நிற்கிறோம் என்ற கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

நாயகனில் பார்க்க வேண்டியது மொழிபெயர்க்கும் இடம். இந்தி தெரியாத வேலுவுக்காக ஐயர் நடுவில் நின்று பேசுவார். மொழிபெயர்ப்பாளன் வேடம் என்றால் பலரும் வசனத்தைக் கடிதம் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு நிற்பார்கள். ஆனால் அந்த ஆள் முதலில் கேட்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் பயப்பட வேண்டும், பிறகுதான் வாய் திறக்க வேண்டும். ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை ஒருமுறை பாருங்கள். அவர் பேசாத நேரத்தில்தான் வேலை அதிகம் நடக்கிறது.

மணி ஐயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிரேசி மோகனின் வசனத்தில் ஒரு சொல்லை ஒருவர் சொல்ல, இன்னொருவர் வேறாகப் புரிந்துகொள்ள, அங்கிருந்து சிரிப்பு ஓடும். முதல் சொல்லை அழுத்திச் சொன்னால் நகைச்சுவை வருகிறது என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்து செத்துவிடும். மணி ஐயர் எந்தச் சொல்லையும் அழுத்துவதில்லை. அவருக்கு அது நகைச்சுவைக் காட்சியே இல்லை. கல்யாண வீட்டில் சாம்பாருக்குள் மீன் விழுந்தால் நமக்குச் சிரிப்பு. அவருக்கோ பிழைப்பே போகிற விஷயம். அந்த நடுக்கத்தை அவர் ஒரு நொடியும் விளையாட்டாக எடுக்கவில்லை.

'பசி' (1979) கண்டிப்பாக உண்டு, அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் வில்லன் பிரான்சிஸ் அன்பரசு: முகம் சாதுவாக இருப்பவருக்கு வில்லத்தனம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்காக ஒருமுறை போதும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

'சிந்து பைரவி'யை (1985) விட்டுவிட்டீர்களே! குடிப்பழக்கத்தால் கச்சேரியிலிருந்து விலக்கப்படும் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. பின்னால் பாடகர் ஜேகேபியே குடியில் விழும்போது, அந்த வலியை ஏற்கெனவே தெரிந்தவராகப் பக்கத்தில் நிற்பவர் இவர். கதை முழுவதையும் தாங்கும் பாத்திரம் இல்லை. ஆனால் இவர் இல்லாவிட்டால் ஜேகேபியின் வீழ்ச்சிக்கு அளவுகோல் இல்லை.

வாத்தியக்காரராக நடிப்பவர்கள் எங்கே பிடிபடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பயன் அதிகம். மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், விரல்கள் தனித்தனியாக வேலை செய்யும். தொப்பி என்னும் இடப்பக்கத்தில் உள்ளங்கை. தெரியாதவர் இரண்டு கையையும் ஒரே உயரத்துக்குத் தூக்கித் தூக்கிப் போடுவார், மத்தளம் கொட்டுவதுபோல இருக்கும். இரண்டாவது தவறு, கண் வாத்தியத்தின் மேலேயே இருப்பது. பக்கவாத்தியக்காரரின் கண் பாடகரின் முகத்திலும், தாளம் போடும் கையிலும்தான் இருக்கும். மூன்றாவது, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் சமம், அதாவது சுற்றின் முதல் அடி, வந்து விழும்போது உடம்பில் எதுவும் நிகழாமல் இருப்பது. நடிகர் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதி) வாசிக்கக் கற்க வேண்டியதில்லை. பாட்டை நாற்பது ஐம்பது முறை கேட்டு, சமம் எங்கே, அருதி (பாட்டு வரி சுற்றின் நடுவில் நின்று விழும் இடம்) எங்கே என்று தொடையில் தட்டிப் பழகினால் போதும். கேமரா கையைக் காட்டாத நேரத்திலும் தோள் சரியாக அசையும்.

குடிகாரர் வேடத்துக்கும் அங்கே பாடம் உண்டு. போதையைக் காட்ட முயலாதீர்கள். போதை இல்லை என்று நிரூபிக்க முயலும் ஆளை நடியுங்கள். நேராக நடக்க ஒருவர் எடுக்கும் கவனம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

ரீல்பெட்டி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் பங்கு. மேடைப் பழக்கத்தில் எது உதவும், எது கெடுக்கும் என்பதை அன்றைய படப்பிடிப்பு முறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அது ஃபிலிம் காலம். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடி ரோல் என்றால் நாலரை நிமிடம்கூட வராது. 1000 அடிக்குப் பதினோரு நிமிடம். ஒவ்வொரு டேக்கும் ஃபிலிம் செலவு, லேப் செலவு. நாயகன் நாயகியோடு ஒரே ஷாட்டில் நிற்கும் குணச்சித்திர நடிகர் வசனம் மறந்தால் எல்லாருடைய டேக்கும் வீண். இரண்டு மணி நேர நாடகத்தைத் தலையில் வைத்திருப்பவருக்கு அரைப் பக்க வசனம் பாரமே இல்லை. மேடை நடிகர்களை இயக்குநர்கள் விரும்பியதற்குக் கலைக்காரணம் மட்டுமல்ல, இந்தக் காரணமும் உண்டு. 400 படம் என்ற எண்ணிக்கைக்கும் இதில் பங்கு இருக்கிறது.

கெடுப்பவை நான்கு பழக்கங்கள். சிரிப்புக்காகக் காத்திருப்பது முதலாவது. சபாவில் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கேமரா முன் அந்த இடைவெளி ஓட்டையாகத் தெரியும். இரண்டாவது, மைக்கைத் தேடிப் போய் நிற்பது. மேடையில் முன்புற மைக்குக்காக முக்கால்வாசி முகத்தைச் சபைக்குத் திருப்பிப் பேசிப் பழகியவர், ஷாட்டில் அப்படி நின்றால் எதிரே இருப்பவரைத் தவிர்ப்பதுபோல் ஆகிவிடும். மூன்றாவது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தூக்குவது. கடைசி வரிசைக்குக் கேட்க அது வேண்டும், குளோசப்புக்கு வேண்டாம். நான்காவதுதான் பெரியது: தன் வசனம் முடிந்ததும் அணைந்துபோவது. மேடையில் பார்வையாளர் கண் பேசுபவரிடம் போய்விடும், அதனால் தப்பிக்கலாம். சினிமாவில் எடிட்டர் கேட்பவரின் முகத்துக்குத்தான் வெட்டுவார். டெல்லி கணேஷ் இந்த நான்காவதில் மன்னர். எந்தக் கூட்டக் காட்சியிலும் அவர் இருக்கும் மூலையைப் பாருங்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்.

பயிற்சிக்கு ஒரு வழி. ஒரு பக்க வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் கேமராவை 15 அடியில் வைத்து ஒருமுறை, 6 அடியில் ஒருமுறை, 3 அடியில் ஒருமுறை பேசுங்கள். மூன்றிலும் எண்ணம் ஒன்றே. மாற வேண்டியது காற்றின் அளவு மட்டும். குரலைக் குறைக்கும்போது பலர் எண்ணத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். "உயிரே இல்லையே" என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. கண்ணுக்கும் ஒன்று: எதிரே இருப்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் உங்கள் விழி அலையும். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கண்ணை மட்டும் பாருங்கள்.

கையும் முக்கியம். வைட் ஷாட்டில் எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினீர்களோ, குளோசப்பிலும் அதே சொல்லில் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் நல்ல டேக் எடிட்டிங்கில் விழுந்துவிடும்.

தெருவிளக்கு எழுதியது:

மைக்கேலிலோ நாயகனிலோ தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. 'பசி'யில் தொடங்குங்கள். துரை இயக்கம். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அவருடைய அப்பாவாக, சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவராக வருபவர் டெல்லி கணேஷ். இதற்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துதான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு அப்பா! பஞ்சுமீசையும் கூனும் வைத்து வயதைக் காட்டியிருக்கலாம். அவர் களைப்பை வைத்துக் காட்டினார். நாள் முழுதும் பெடல் மிதித்தவன் உட்காரும்போது முதலில் எது தளரும் என்று பாருங்கள்.

ஐயர் வேடங்களால் அவரை ஒரு பெட்டியில் அடைத்துவிட்டோம். பசியைப் பார்த்த பிறகு மணி ஐயரைப் பார்த்தால்தான் அதுவும் கட்டி எழுப்பிய வேடம், இயல்பாக வந்தது அல்ல என்று புரியும்.

முன்திரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திருத்தத்துக்கும். வட்டார வழக்கு மட்டும் பாக்கி. நெல்லைக்காரர் சென்னைச் சேரித் தமிழும் பாலக்காட்டுத் தமிழும் பேசுவதை எப்படிப் பிரித்துப் படிப்பது?

சுருதிப்பெட்டி எழுதியது:

சொற்பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். 'இன்னா', 'கீது', '-கினு' என்று தூவிவிட்டால் சென்னைத் தமிழ் ஆகாது. 'மனசிலாச்சோ', 'கேட்டேளா', வாக்கியக் கடைசியில் ஒரு 'ஆக்கும்' போட்டால் பாலக்காடு ஆகாது. முதலில் பிடிக்க வேண்டியது ராகம். சென்னைத் தமிழ் வேகமாக ஓடி வாக்கியக் கடைசியில் தட்டென்று விழும். பாலக்காட்டுத் தமிழ் மலையாளச் சாயலில் கடைசியில் மேலே ஏறி ஒரு சுழி சுழிக்கும். நெல்லைத் தமிழில் நடு அசை நீளும். சொல் இல்லாமல் வெறும் 'ம்ம்ம்' வைத்து அந்த ஏற்ற இறக்கத்தை ஹம் செய்து பாருங்கள். எந்த ஊர் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்தால் பிறகு சொற்களை அதன்மேல் வையுங்கள். அடுத்த படி, அந்த வழக்கிலேயே கோபப்படுவது. கோபம் வந்ததும் சொந்த ஊர் வெளியே வந்துவிடும்; பெரும்பாலான நடிகர்கள் பிடிபடும் இடம் அதுதான்.

அவருக்கு இதில் கைகொடுத்தது டப்பிங் என்று நினைக்கிறேன். அன்று பெரும்பாலான படங்களில் படப்பிடிப்பில் பதிந்த ஒலி வழிகாட்டிக்கு மட்டும்தான். பிறகு ரெக்கார்டிங் தியேட்டரில் காட்சியைத் துண்டு துண்டாக ஓட்டி, வாயசைவுக்குத் திரும்பப் பேச வேண்டும். தனக்கு மட்டுமல்ல, பிறருக்கும் அவர் குரல் கொடுத்தார். '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் அவருடையதே. அடுத்தவர் மூச்சு எங்கே எடுக்கிறாரோ அங்கே நாமும் எடுக்க வேண்டும் என்பதுதான் டப்பிங்கின் முதல் பாடம். தவறான இடத்தில் மூச்சு எடுத்தால் உதடு பொருந்தினாலும் குரல் உடம்பில் ஒட்டாது. பிறர் மூச்சைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பிறர் பேச்சைப் படிப்பது கடினமில்லை.

ஒப்பனையறை எழுதியது:

கடைசிக் காலத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கலைமாமணி வாங்கியவர், யூடியூபில் சென்னை பேட்மேன் நகைச்சுவைக் காணொளியில் பேட்மேனின் வீட்டு உதவியாளர் ஆல்ஃபிரெடாக வந்தார். இளைஞர் கூட்டம், சின்ன யூனிட், சில நிமிட வேலை. அதிலும் மணி ஐயருக்குக் கொடுத்த அதே அக்கறை. 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்திலும் இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று, 80 வயதில் மறைந்தார்.

தெருவிளக்கு சொன்னதுபோல் பசி முதலில் இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். பிறகு சிந்து பைரவி, நாயகன், அதன்பின் மைக்கேல். ஒவ்வொன்றையும் மூன்று முறை: கதைக்கு ஒருமுறை, ஒலி இல்லாமல் ஒருமுறை, திரையைப் பார்க்காமல் குரலுக்கு ஒருமுறை. அவ்வை சண்முகியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவர் எந்த மூலையில் நின்றாலும் உங்கள் கண் தானாகப் போய்விடும்.