இரவில் 40 நிமிடம்தான் கிடைக்கிறது: உங்கள் அனுபவம் என்ன?

பையன் தூங்கிய பிறகு, பத்தேகாலுக்கு மேல்தான் எனக்கு வீடியோ கேம் விளையாட்டு. பதினொன்றுக்குக் கண் சொக்கிவிடும். இடையில் கிடைக்கும் 40 சொச்சம் நிமிடத்தை வைத்துத்தான் எந்த விளையாட்டு நல்லது, எந்தக் கருவி நல்லது என்று தீர்மானிக்கிறேன். திரையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், ஓடுகிறது என்று மல்லுக்கட்டுகிறவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கூடத்தில் டிவியோடு இணைத்திருக்கும் விளையாட்டுப் பெட்டியை, அதாவது கன்சோலை, ஆசையாகப் போட்டேன். பெயர் வேண்டாம். மூன்று மாதமாகத் தொடாததால் கன்ட்ரோலரில் சார்ஜ் இல்லை. கேபிளைத் தேடிச் செருகினால் கன்சோலுக்கு அப்டேட். அது முடிந்ததும் விளையாட்டுக்கு அப்டேட், 38 ஜிபி. கோடு பாதி தூரம் ஊர்வதற்குள் மணி பதினொன்று. பல் தேய்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அதன் பிறகு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பரிடம் கையில் பிடித்து விளையாடும் ஸ்டீம் டெக் என்ற கருவியைப் பழையதாக வாங்கினேன். 2022இல் வந்த முதல் வகை. 7 அங்குலத் திரை, 1280×800 புள்ளிகள். இன்றைய பெரிய டிவிக்கு முன்னால் வைத்தால் சிரிப்பார்கள். எடை 669 கிராம், மல்லாந்து படுத்து விளையாடினால் கை கடுக்கும். ஆனால் அதன் தலையில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். மறுநாள் அழுத்தினால் நேற்று ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்கும். எல்டன் ரிங் என்ற வாள்சண்டை விளையாட்டில் சண்டையை நிறுத்தி வைக்க வழக்கமான வசதி எதுவும் கிடையாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு விளையாடுகிறேன். பையன் தண்ணீர் கேட்டு எழுந்தால் அந்தப் பொத்தான்தான் என் உயிரைக் காப்பாற்றுகிறது.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். படுக்கைக்குப் போனால்தான் அன்றைய உழைப்பு பதிவாகும், நடுவில் மூடினால் போட்ட தண்ணீரும் போச்சு, பிடித்த மீனும் போச்சு. எரிக் பரோன் தனி ஆளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட விளையாட்டு இது. எனக்கு இரவுக்கு மூன்று நாள் விவசாயம்.

ஒரு ஞாயிறு மதியம் ‘வெண்பா’ என்ற விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை, 2023இல் வந்தது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி அவிக்க வேண்டும். நான் இரண்டு முறை கோட்டைவிட்டேன். பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். “குழிக்கு மேல் குழி வைத்தால் ஆவி எப்படியடா ஏறும்? தட்டைத் திருப்பி வை” என்றார். கீரைக்கட்டு கைமாறியது. அடுத்த அரை மணி நேரம் நான் ஆய்ந்தேன், அவர் சொல்லச் சொல்ல நடுவில் பொத்தானை மட்டும் அழுத்தினேன்.

உங்களுக்கு எப்படி?

*

எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. அண்ணன் மகனுக்குக் காட்டலாம் என்று பரணிலிருந்து பழைய டிவி கேமையும் துப்பாக்கியையும் இறக்கினேன். வாத்து சுடும் டக் ஹன்ட். இருபது குண்டு சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. குறி தவறும்போதெல்லாம் திரையில் ஒரு நாய் எழுந்து எழுந்து சிரித்தது. பையனும் சேர்ந்து சிரித்தான். துப்பாக்கி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

குற்றம் துப்பாக்கியுடையதன்று. விசையை அழுத்திய கணத்தில் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பழைய பெட்டி டிவியில் படம் உடனுக்குடன் விழுந்தது. இப்போதைய தட்டை டிவி படத்தைப் பதப்படுத்திச் சற்றுப் பிந்தித்தான் காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் வருவதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிக்கொள்கிறது. பெட்டி டிவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

*

கன்ட்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓராண்டுகூட ஆகவில்லை, நான் தொடாமலேயே விளையாட்டில் என் ஆள் இடப்பக்கம் நடந்துபோக ஆரம்பித்தான். கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கின் அடியில் இருக்கும் மின்தடைப் பட்டை தேய்ந்தால் இப்படித்தான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் வகையை மாற்றித் தந்தார். ஒரு ஸ்டிக்குக்கு 14 இடத்தில் பற்றவைப்பு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மனிதர் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். புதிது வாங்க இருந்த பணம் மிச்சம். உராய்வே இல்லாததால் இனித் தேயாது என்கிறார், பார்ப்போம்.

*

தொடங்கியவன்தான் மீண்டும். வெண்பாவை அம்மா பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நேற்று தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, “அந்தப் பெண்ணின் பையன் வீட்டுக்கு வந்தானா?” என்று கேட்டார். பொங்கலுக்கு அவர் வரும்வரை சார்ஜரைக் கழற்றக் கூடாது.