சில எண்களுக்கு மட்டும் ஆயிரப் பிரிப்பு விழவில்லை (அவசரம்)

இரவுப்பணி:
வணக்கம். அறிக்கைப் பக்கத்தில் ஒரு அட்டவணை. எல்லா எண்ணும் ஒரே ஃபங்ஷன் வழியாகத்தான் போகிறது, உள்ளே வெறும் டூலோக்கேல்ஸ்ட்ரிங் (ஜாவாஸ்கிரிப்டில் எண்ணை அந்தந்த மொழி வழக்கப்படி எழுதித் தருவது). சில வரிசைகளில் ஆயிரப் பிரிப்பு ஒழுங்காக விழுகிறது, சிலவற்றில் எண் மொட்டையாக நிற்கிறது. கேஷ் அழித்துப் பார்த்தாயிற்று. நாளை காலை காட்டியாக வேண்டும். யாருக்காவது தெரியுமா?

கண்ணாடிக்கோப்பு:
எந்த எண்ணுக்கு வருகிறது, எதற்கு வரவில்லை? ஃபங்ஷனையும் ஒட்டுங்கள். "சில" என்று மட்டும் சொன்னால் நாங்கள் என்னவென்று சொல்வது?

மூத்தநிரல்:
அடிக்கடி வரும் கேள்விதான். தரவு தரும் ஏபிஐயிலிருந்து சில மதிப்புகள் எண்ணாக வராமல் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, வருகின்றன. ஸ்ட்ரிங்கில் டூலோக்கேல்ஸ்ட்ரிங்கைக் கூப்பிட்டால் பிழையும் காட்டாது, வேலையும் செய்யாது. கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும். மதிப்பின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது.

இரவுப்பணி:
போட்டுப் பார்த்தேன் ஐயா. எல்லாம் நம்பர்தான்.

மூத்தநிரல்:
எல்லா வரிசைக்கும் போட்டீர்களா, முதல் வரிசைக்கு மட்டுமா? பலர் அங்கேதான் கோட்டை விடுவார்கள்.

ஒருவரிபோதும்:
இந்தத் தலைவலியே வேண்டாம் நண்பரே. ஒரு வரி ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடி மாற்றும் கோவை) போதும். வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக எண்ணி நடுவில் குறியைச் செருகிவிடும். எங்கள் புராஜெக்ட் முழுக்க அதுதான் ஓடுகிறது.

தசமதாசன்:
இணையம் முழுக்கச் சுற்றும் அந்த வரிதானே? அதில் 1234.5678 கொடுத்துப் பாருங்கள். 1,234.5,678 என்று வந்து நிற்கும். தசமத்துக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து வெட்டிவிடும்.

ஒருவரிபோதும்:
எங்களிடம் தசமமே கிடையாது. வந்தால் டூஃபிக்ஸ்டு போட்டுத் தனியாகப் பிரித்துக்கொள்வேன்.

தசமதாசன்:
அதையும் செய்து பாருங்கள். 1.005-ஐ டூஃபிக்ஸ்டு மூலம் இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 1.01 வராது, 1.00 வரும். நினைவகத்தில் அந்த எண் 1.005-ஐவிட ஒரு துளி குறைவாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

மூத்தநிரல்:
பணத்தை மிதவைப்புள்ளி எண்ணில் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் வகை) வைப்பவர்கள் படும் பாடு இது. மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் வகுக்க வேண்டும்.

ஒருவரிபோதும்:
இங்கே பணம் என்று யார் சொன்னது?

தசமதாசன்:
யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டவரும் சொல்லவில்லை.

இரவுப்பணி:
மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். வராதவை: 1250, 9800, 4075. வருபவை: 12.500, 48.310, 125.000. ஃபங்ஷன் ஒரே வரிதான். எண்ணில் டூலோக்கேல்ஸ்ட்ரிங், அடைப்புக்குள் மொழியையும் நாட்டையும் குறிக்கும் லோக்கேல் மாறி, வேறொன்றும் இல்லை.

அரைக்காற்புள்ளி:
மொட்டையாக நிற்பவை எல்லாம் நான்கு இலக்கம், ஐந்தும் அதற்கு மேலும் சரியாக இருக்கின்றன. பிரிப்புக் குறியும் காற்புள்ளி இல்லை, புள்ளி. அந்த மாறிக்குள் என்ன இருக்கிறது?

இரவுப்பணி:
'இஎஸ்'. ஸ்பானிஷ் பக்கம். அது முக்கியமா?

அரைக்காற்புள்ளி:
விஷயமே அதுதான்! பிரவுசர் இதையெல்லாம் மொழிவாரி வழக்கங்களைத் தொகுத்து வைத்திருக்கும் சிஎல்டிஆர் தரவிலிருந்து எடுக்கிறது. அதில் ஒவ்வொரு மொழிக்கும் "குறைந்தபட்சப் பிரிப்பு இலக்கம்" என்று ஒரு மதிப்பு உண்டு. ஆங்கிலத்துக்கு 1, ஸ்பானிஷுக்கு 2. முதல் பிரிப்புக்கு இடப்பக்கம் குறைந்தது இரண்டு இலக்கமாவது இருந்தால்தான் குறி விழும். 12.500-இல் இருக்கிறது. 1250-இல் ஒன்றே ஒன்றுதான், அதனால் விழாது. போலிஷுக்கும் போர்ச்சுகலின் போர்த்துகீசியத்துக்கும் இதே கதைதான். இதைப் பிழை என்று சொல்ல முடியாது. நான்கு இலக்க எண்ணைப் பிரிக்காமல் எழுதச் சொல்வது ஸ்பானிய மொழிக் கழகமே.

அட்டவணையில் மேலே 1250, கீழே 12.500 என்றிருந்தால் கண்ணை உறுத்தும் என்பது நிஜம். அப்படியானால் ஆப்ஷனில், பிரிப்பு வேண்டுமா என்று சொல்லும் யூஸ்குரூப்பிங்குக்கு 'ஆல்வேஸ்' (எப்போதும்) கொடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். படிப்பவர்கள் ஸ்பெயினா, மெக்சிகோவா? வெறும் 'இஎஸ்' என்றால் ஸ்பெயின் வழக்கம்தான் வரும். மெக்சிகோவில் புள்ளி தசமத்துக்கு. உங்கள் 12.500 அங்கே பன்னிரண்டரை ஆகிவிடும்.

தசமதாசன்:
மொழிக் கழகமே வேண்டாம் என்றதை நாம் ஏன் திணிக்க வேண்டும்? ஸ்பானிஷ்காரர் கண்ணுக்கு 1250 சரியாகத்தான் தெரியும். உறுத்துவது நமக்கு.

அரைக்காற்புள்ளி:
பத்தியில் வரும் எண்ணென்றால் நானும் கை வைக்க மாட்டேன். நெட்டுக்குத்தாக எண்களை அடுக்கும்போது இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கட்டும் என்பது என் கட்சி.

ஒருவரிபோதும்:
ரெஜெக்ஸில் இந்த வம்பெல்லாம் வராது.

தசமதாசன்:
வராதுதான். எல்லா மொழிக்கும் ஒரே தப்பு.

இரவுப்பணி:
'ஆல்வேஸ்' போட்டேன், 1.250 வந்துவிட்டது! ஆனால் பக்கத்தைப் புதுப்பித்தால் முதலில் 1250 தெரிந்து, அப்புறம் 1.250-ஆக மாறுகிறது. கன்சோலில் ஹைட்ரேஷன் எச்சரிக்கை வேறு, சர்வர் எழுதியதும் பிரவுசர் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்று.

கண்ணாடிக்கோப்பு:
சர்வரில் ரெண்டர் ஆகிறது என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் எந்தப் பதிப்பு?

இரவுப்பணி:
18.

அரைக்காற்புள்ளி:
அங்கேதான் இடிக்கிறது. யூஸ்குரூப்பிங்குக்கு 'ஆல்வேஸ்' என்ற மதிப்பு, டூலோக்கேல்ஸ்ட்ரிங்குக்குப் பின்னால் வேலை செய்யும் நம்பர்ஃபார்மட்டின் மூன்றாம் பதிப்போடு வந்தது. குரோமில் 106 முதல் உண்டு. நோடில் 2022 அக்டோபரில் வெளியான 19 முதல். அதற்கு முன்னால் அந்த ஆப்ஷனுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே நிலைதான். நோட் 18 உங்கள் 'ஆல்வேஸ்' சொல்லை வெறும் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டு மொழி வழக்கப்படியே நடக்கும். அதனால்தான் நோட் பிழை எதுவும் காட்டாமல், சர்வர் 1250 என்றும் பிரவுசர் 1.250 என்றும் எழுதுகின்றன. நோடை 20-க்கோ 22-க்கோ ஏற்றுங்கள். ஏற்ற முடியாவிட்டால் அந்த எண்களை பிரவுசரில் மட்டும் வடிவமையுங்கள்.

மூத்தநிரல்:
பதிப்பைப் பொருத்தி வைப்பது அடிப்படை ஒழுக்கம். அதோடு, ஸ்ட்ரிங்காக வந்திருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கும் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தசமதாசன்:
வரவில்லையே ஐயா.

இரவுப்பணி:
22 ஏற்றினேன். சரியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி!

அரைக்காற்புள்ளி:
மெக்சிகோவா என்று கேட்டிருந்தேனே?

வழிப்போக்கன்2:
எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் பிரெஞ்சு. டெஸ்டில் எதிர்பார்த்தது 12 500, வந்தது 12 500. இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன, ஆனாலும் ஃபெயில் ஆகிறது!

தசமதாசன்:
நீங்கள் தட்டியது சாதாரண இடைவெளி. பிரெஞ்சுக்கு இன்டல் (நம்பர்ஃபார்மட் இருக்கும் தொகுதி) போடுவது வரி உடையாத குறுகிய இடைவெளி, யூனிகோடில் யூ+202எஃப். பார்வைக்கு ஒன்றுதான், எழுத்துக்குறி வேறு. டெஸ்டில் அந்தக் குறியையே எழுதுங்கள்.

வழிப்போக்கன்2:
எழுதினேன். என் மெஷினில் பாஸ், சிஐயில் (டெஸ்டைத் தானாக ஓட்டும் இடத்தில்) ஃபெயில்.

கண்ணாடிக்கோப்பு:
தனி இழை போடுங்கள். இரண்டு இடத்து நோட் பதிப்பையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.