4:33-க்கு 1500 மீட்டரா? (பாரதி நகர் காலை ஓட்டக் குழு)

பானு டீச்சர்: ஞாயிற்றுக்கிழமை வினாடி வினாவுக்குத் தாள் ரெடி. ஒரே ஒரு சந்தேகம். "1896 ஏதென்ஸ் ஒலிம்பிக், 1500 மீட்டர் தங்கம் யாருக்கு?" விடை: எட்வின் ஃபிளாக், ஆஸ்திரேலியா, 4:33.2. நேரத்தைப் பார்த்தா தப்பா அடிச்சுட்டேனோன்னு தோணுது. ரொம்ப மெதுவா இருக்கே?

ராஜேந்திரன் மாஸ்டர்: நேரம் சரிதான்மா. தங்கம்தான் தப்பு. அந்த வருஷம் முதல் ஆளுக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும். இரண்டாவதுக்கு வெண்கலம். மூணாவதுக்கு ஒண்ணுமே கிடையாது. இப்ப பட்டியல்ல இருக்கிற தங்கம், வெள்ளி, வெண்கலம் எல்லாம் பின்னாடி சேர்த்தது. "முதலிடம் யாருக்கு"ன்னு மாத்திடு.

கதிர்: மாஸ்டர், மெதுவா ஓடினதுக்கு டிராக்தானே காரணம்? அந்த ஸ்டேடியத்து வளைவு ஊசி மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க.

செல்வி அக்கா (டெக்னிக்கல்): பாதி உண்மை தம்பி. பானாதெனாயிக் ஸ்டேடியம் பழைய கிரேக்க மைதானம், அதோட அச்சு மாறாம பளிங்குல திரும்பக் கட்டினது. நீளம் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அகலம் சுமார் 33 மீட்டர்தான். அதுக்குள்ள 333.33 மீட்டர் சுற்று போட்டா, நேர்ப்பாதை நீளமாவும் திருப்பம் குறுகலாவும்தான் வரும். இப்ப 400 மீட்டர் டிராக்ல உள்வளைவு ஆரம் 36.5 மீட்டர். அங்கே 15, 16-ஐத் தாண்ட வழியே இல்ல.

செல்வி அக்கா (டெக்னிக்கல்): 1500-க்கு அந்த டிராக்ல நாலரைச் சுற்று, 9 வளைவு. நம்ம டிராக்ல மூணே முக்கால் சுற்று, 7 வளைவு.

பானு டீச்சர்: கணக்கு போட்டுப் பாத்துட்டேன். 4:33.2-ன்னா சராசரி வேகம் நொடிக்கு 5.5 மீட்டர். ஆரம் 15 மீட்டர்னா வளைவுல உடம்பு கிட்டத்தட்ட 12 டிகிரி சாயணும். 36.5 மீட்டர் ஆரத்துல அதே வேகத்துக்கு 5 டிகிரி போதும்.

ராஜேந்திரன் மாஸ்டர்: அருமை. அந்தச் சாய்வுக்குத் தரை பிடி குடுக்கணும். அங்கதான் அடுத்த வம்பு. டிராக் போட்டது சார்லஸ் பெர்ரி, லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானப் பராமரிப்பாளர். கை தேர்ந்த ஆளு, பின்னாடி 1908 லண்டன், 1912 ஸ்டாக்ஹோம் டிராக்கும் அவர்தான். ஆனா நிலக்கரிச் சாம்பல் டிராக் அவசரத்துல இறுகாது. அடியில கல்லு, மேல பெரிய கசடு, அதுக்கு மேல பொடிச் சாம்பல். தண்ணி விட்டு ரோலர் ஓட்டி, திரும்பத் தண்ணி, திரும்ப ரோலர். மழையும் வெயிலும் பாத்துத்தான் அது கெட்டியாகும். ஏதென்ஸ்ல அதுக்கு நாள் இல்ல, மேல்பரப்பு பொலபொலன்னே இருந்துச்சு. வளைவுல ஷூ முள்ளு பதியாம வழுக்கினா, வேகத்தைக் குறைச்சுத் திரும்பி, வெளிய வந்து மறுபடி ஏத்தணும். ஒரு தடவை இல்ல, ஒன்பது தடவை.

கதிர்: பழைய போட்டோல ஆளுங்க வலப்பக்கமா திரும்பற மாதிரி இருக்கு. படத்தை இடவலம் மாத்தி பிரிண்ட் போட்டுட்டாங்களா?

செல்வி அக்கா (டெக்னிக்கல்): இல்ல இல்ல. 1896-ல கடிகாரம் சுத்தற திசையிலதான் ஓடினாங்க. வலது தோள் உள்பக்கம். முந்தணும்னா இடப்பக்கமா வெளிய போகணும். இடப்பக்கச் சுற்றுக்கே பழகின ஆளுக்கு இடது கால் திடீர்னு வெளிக்காலாயிடும்.

செல்வி அக்கா (டெக்னிக்கல்): வளைவுல ஒரு மீட்டர் தள்ளி ஓடினா அரைவட்டத்துக்கு 3.14 மீட்டர் கூடுதல். ஆரம் எவ்வளவா இருந்தாலும் இதான். ஒன்பது வளைவும் வெளிய ஓடினவன் 28 மீட்டர் சும்மா ஓடியிருப்பான், அந்த வேகத்துல 5 நொடி. அதனால புத்திசாலி என்ன பண்ணுவான்? உள்ள ஒட்டிக்கிட்டு முதல் ஆள் பின்னாடியே உக்காந்திருப்பான்.

ராஜேந்திரன் மாஸ்டர்: ஃபிளாக் அதைத்தான் பண்ணார். ஏப்ரல் 7, எட்டு பேர், ஹீட் (தகுதிச் சுற்று) கிடையாது, நேரா ஃபைனல். பிரான்ஸ் ஆல்பின் லெர்மூசியோ பெரும்பகுதி முன்னாடி இழுத்துட்டுப் போனார். கடைசியில ஃபிளாக்கும் பாஸ்டன்காரர் ஆர்தர் பிளேக்கும் அவரைத் தாண்டினாங்க. கடைசி நேர்ப்பாதையில ஃபிளாக் பிளேக்கையும் விட்டுட்டுப் போயிட்டார். லெர்மூசியோ மூணாவது. இழுத்தவருக்குப் பதக்கமும் இல்ல, பாவம்.

கதிர்: அப்ப டிராக்தான் காரணம்னு முடிவு பண்ணிடலாமா?

ராஜேந்திரன் மாஸ்டர்: அவசரப்படாதே. 1895-லயே அமெரிக்காவுல தாமஸ் கோனெஃப் ஒரு மைல் 4:15.6 ஓடிட்டார். அந்த வேகத்துக்கு 1500 கணக்கு 3:58 வரும். ஃபிளாக் அதைவிட 35 நொடி பின்னாடி. வளைவு 35 நொடி தின்னாது. மொராக்கோ ஓட்டக்காரர் எல் கெரூஜையே எடுத்துக்கோ. 1998-ல வெளி டிராக்ல 3:26.00, 1997-ல 200 மீட்டர் உள்ளரங்க டிராக்ல 3:31.18. வித்தியாசம் 5 நொடி. அங்க வளைவைச் சரிச்சுக் கட்டியிருப்பாங்கதான், சாம்பலும் கிடையாது. ஏதென்ஸுக்கு அதை மூணு மடங்காக்கிக்கோ, அப்பவும் 15 நொடிதான்.

பானு டீச்சர்: மீதி 20 நொடி எங்க போச்சு மாஸ்டர்?

ராஜேந்திரன் மாஸ்டர்: அந்தக் காலத்து நல்ல மைல்காரங்க வரவே இல்லம்மா. கோனெஃப் வரல. 1895-லயே 880 கஜத்தை 1:53.4-ல ஓடின சார்லஸ் கில்பாட்ரிக்கும் வரல. ஃபிளாக் லண்டன்ல கணக்காளர், லீவு போட்டு வந்தவர். அதுவும்போக வேகம் பிடிச்சுக் குடுக்கற ஆள் கிடையாது. ஜெயிச்சா போதும், நேரத்தை எவன் கேட்டான்?

செல்வி அக்கா (டெக்னிக்கல்): 800 மீட்டரைப் பாத்தா இது பளிச்சுனு தெரியும். ஏப்ரல் 6 ஹீட்ல ஃபிளாக் 2:10.0. இன்னொரு ஹீட்ல லெர்மூசியோ 2:16.6-லயே முதல். ஒவ்வொரு ஹீட்லயும் முதல் ரெண்டு பேருக்கு ஃபைனல், அதுக்கு மேல எதுக்கு ஓடணும்? ஏப்ரல் 9 ஃபைனல்ல லெர்மூசியோ இறங்கல, மறுநாள் மாரத்தானுக்குக் காலை மிச்சம் பண்ணிட்டார். மூணே பேர். ஃபிளாக் 2:11.0, ஹங்கேரி நாண்டோர் டானி பக்கத்துலயே ரெண்டாவது, கிரீஸ் கோலேமிஸ் ரொம்பத் தூரம் பின்னாடி. ஹீட்டை விட ஃபைனல் மெதுவு!

கதிர்: மிச்சம் பண்ணின கால் மாரத்தான்ல உதவிச்சா?

செல்வி அக்கா (டெக்னிக்கல்): எங்க? 1500-ல முதல் மூணு பேருமே மாரத்தான் ஓடினாங்க. 40 கிலோமீட்டர். 23 கிட்ட பிளேக் நின்னார், 32 கிட்ட லெர்மூசியோ, 37 கிட்ட ஃபிளாக். ஒருத்தரும் முடிக்கல. மத்தியத் தூர வேகத்துல ஆரம்பிச்சா அப்படித்தான்.

பானு டீச்சர்: தேதி மட்டும் சொல்லுங்க அக்கா. ஒரு புத்தகத்துல 1500 மீட்டர் மார்ச் 26-ன்னு இருக்கு.

செல்வி அக்கா (டெக்னிக்கல்): அது கிரீஸ்ல அப்ப இருந்த ஜூலியன் நாட்காட்டி. 12 நாள் கூட்டணும். ஏப்ரல் 7-ன்னே போடுங்க. நேரத்தைப் புள்ளி இரண்டுன்னு எழுதினா போதும், அந்தக் கால ஸ்டாப்வாட்ச் ஐந்தில் ஒரு பங்கு நொடிதான் காட்டும். 4:33.24-னு எவனாவது விடை எழுதினா மார்க் போடாதீங்க.