முன்பக்க லோயர் ஆர்ம், ஸ்ட்ரட்: வீட்டிலேயே மாற்றலாமா?

நாலாம்கியர்:
கார் வேகத்தடை ஏறி இறங்கினால் முன்னால் இடப்பக்கம் ‘டொக்’கென்று சத்தம். தூக்கிப் பார்த்தேன். லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) பின்புஷ் (அதன் பின்முனை ரப்பர்) கிழிந்திருக்கிறது, பால் ஜாயிண்ட் (அதன் சக்கரப் பக்க உருண்டை மூட்டு) ஆடுகிறது, ஸ்ட்ரட்டில், அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பரில், எண்ணெய்க் கசிவு. இரண்டு பக்கமும் நானே மாற்ற ஆசை. செய்யலாமா?

ஸ்பேனர்மாமா:
தாராளமாக. எனக்கு முதல் பக்கம் ஒரு பகல் முழுக்க இழுத்தது, மறுபக்கம் இரண்டே மணி நேரம். ஆர்ம் என்பது நாலைந்து போல்ட்தான். முந்தின ராத்திரியே துருவுக்கு எண்ணெய் அடித்துவிடுங்கள். பால் ஜாயிண்ட் தண்டு வர மறுத்தால் தண்டின் மேல் அடிக்காதீர்கள், மரை நசுங்கிவிடும். அது உட்கார்ந்திருக்கும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) காதில் பக்கவாட்டாகச் சுத்தியலால் இரண்டு போடு போட்டால் விட்டுக்கொடுக்கும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள்.

கிரீஸ்கை:
‘நாலைந்து போல்ட்தான்’ என்று சொல்லித்தான் ஆளை மாட்டிவிடுகிறார்கள். நான் பட்டறைக்காரன். புது புஷ் சீக்கிரமே கிழிந்து திரும்பி வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு ஒட்டியது. தொங்கலில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஸ்பேனர்மாமா:
அது தெரியாமல் செய்கிறவர் தப்பு, வீட்டில் செய்வதன் தப்பு இல்லையே! நான் வண்டி விட்ட ஒரு பட்டறையில் தூக்கி வைத்தபடியே ஏர் கன்னால் டர்ரென்று இறுக்கியதைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம்தான் நானே இறங்கினேன். கழற்றுவதற்கு முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பில் அளந்து வைத்தேன். மாட்டிய பிறகு ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து அதே அளவுக்கு ஏற்றி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) போட்டு இறுக்கினேன்.

கிரீஸ்கை:
டேப் விஷயம் நல்ல வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிரிங்கை என்ன செய்வீர்கள்? ஸ்ட்ரட் உச்சியில் இருக்கும் நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்காமல் கழற்றினால் அது முகத்துக்குத்தான் வரும். ஸ்பிரிங்கை அமுக்கும் கொக்கிக் கம்ப்ரஸர் ஒரு பக்கம் நழுவினாலும் அதே கதி. எங்கள் ஆட்களே அந்த வேலையின்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பேனர்மாமா:
அதில் உங்களோடு சண்டை இல்லை. ஸ்ட்ரட்டை முழுசாக இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங் மாற்றி வாங்கினேன். பானெட்டுக்குள் அந்த நடு நட்டைச் சுற்றியிருக்கும் நட்டுகள் மட்டும்தான் நம்முடையவை.

மழைக்காகம்:
சக்கரக் கோணம் சரிபார்க்கும் அலைன்மெண்ட் வேண்டுமா?

கிரீஸ்கை:
கட்டாயம். போல்ட்டுகளின் பழைய இடத்தைப் பெயிண்டால் குறித்துக்கொள்வதெல்லாம், அலைன்மெண்ட் இடம் வரை மெதுவாக ஓட்டிப்போகத்தான்.

நாலாம்கியர்:
ஆர்ம் நான், ஸ்பிரிங் பட்டறை. இன்று ஆரம்பித்தாயிற்று. வளைவில் வண்டி சாயாமல் காக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடு நட்டைத் திருப்பினால் தண்டும் கூடவே சுற்றுகிறதே?

கிரீஸ்கை:
தண்டு நுனியில் ஆலன் சாவி போடக் குழி இருக்கும், பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். குழி துருவில் போயிருந்தால் அறுத்துத் தள்ளுங்கள், புதுசுதானே போடப்போகிறீர்கள். பிரேக் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) அதன் எண்ணெய் ஹோஸில் தொங்கவிடவில்லையே?

நாலாம்கியர்:
இதோ, அதைக் கட்டிவைக்கக் கம்பி தேடுகிறேன்.