பாலைவன விழாவில் நாள் முழுவதும் அணியத்தக்க தூசித் தடுப்பு எது?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் வசிக்கும் என் அண்ணன், ஆகஸ்டு இறுதியில் நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைவனத்தில் நடைபெறும் பர்னிங் மேன் விழாவுக்கு இவ்வாண்டு என்னையும் அழைத்திருக்கிறார். அவருடைய குழுவினர் அங்கே மரத்தால் ஒரு சிற்பத்தை எழுப்புகிறார்கள். விழா முடியும் வரை நானும் அவர்களுடன் கூடாரத்தில் தங்கப் போகிறேன்.

அங்கே எழும்புவது மணல் அல்ல என்கிறார் அண்ணன். பனியூழிக் காலத்தில் லஹோன்டன் என்ற பேரேரி பரந்து கிடந்து, பின்னர் வற்றிப்போன படுகை அது. ஏரியின் அடியில் படிந்த காரத்தன்மையுள்ள வண்டல்தான், வாகனங்களும் கால்களும் மேலோட்டை உடைத்ததும், முகத்துக்குப் பூசும் மாவைப் போல நுண்மையாகக் காற்றில் ஏறுகிறதாம். காற்று வலுத்துவிட்டால் நீட்டிய கையின் விரல்களே தெரியாது என்கிறார். இருந்தாலும் அவர் சொல்லும் தீர்வு மிக எளிமையானது: கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, தூசி வரும்போது மூக்குக்கு மேலே இழுத்துவிட வேண்டுமாம். அம்மாவோ, தாம் பால்மரம் சீவப் போன நாட்களில் தலையில் கட்டிய பருத்தித் துண்டையே எடுத்து மடித்து வைத்துவிட்டார்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. மூக்குக்கண்ணாடியும் அணிகிறேன். 2015ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது, காதில் மாட்டும் முகக்கவரி ஒன்றை அலுவலகத்தில் அணிந்திருந்தேன். நண்பகலுக்குள் காதுமடலின் பின்புறம் சிவந்து எரிந்தது, கண்ணாடியில் ஆவி படிந்து பேரேட்டின் எண்களே தெரியவில்லை. பொறுக்க முடியாமல் கழற்றி மேசையில் வைத்தேன். அன்று மாலையே கிளினிக்கில் ஆவி பிடிக்க நேர்ந்தது. ஆகவே நான் தேடுவது எல்லாவற்றிலும் வலிமையான கவரியை அன்று. மணிக்கணக்கில் கழற்றாமல் இருக்க முடிகிற ஒன்றை. மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து அணியக்கூடிய தூசிக்கண்ணாடி உண்டா? கவரியைத் துவைத்து மறுபடியும் பயன்படுத்தலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருந்துத்தொட்டி (பீடோர்):

சகோதரி, களைக்கொல்லி தெளிப்பவர்களுக்குக் கொடுக்கும் ரப்பர் முகக்கவரி உங்கள் தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்குமே. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையிட்ட குப்பிகள் பொருத்தியது. மருந்தின் நெடியையே தடுத்துவிடுகிற கவரிக்குத் தூசி எம்மாத்திரம்? புதிய குப்பிகளை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டால் செலவும் மிச்சமாகும்.

கல்மலை (சிம்பாங் பூலாய்):

நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அதை அப்படியே பின்பற்ற வேண்டாம், அம்மா. கறுப்புப் பட்டைக் குப்பிக்குள் இருப்பது கரித்துணுக்கு. அது ஆவியை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளுமே தவிர, துணுக்குகளுக்கு இடையில் உள்ள சந்துகளின் வழியாக நுண்தூசி தாராளமாக உள்ளே வந்துவிடும். தெளிப்பவர்களின் கவரியில் குப்பிக்கு முன்னால் வெள்ளைப் பஞ்சுத்தட்டு ஒன்று தனியாகப் பொருத்தப்பட்டிருந்தால், துளியையும் தூசியையும் தடுப்பது அந்தத் தட்டுதான். அதைவிட முக்கியமாக, மருந்து பட்ட கவரியை இழுப்பு உள்ளவர் முகத்தில் வைப்பதை நான் எந்த நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தூசியும் மாவு போன்றதுதான், காரம் உள்ளதுதான். என்95 என்று முத்திரையிட்ட கவரி, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். பி100 வடிகட்டி 99.97 விழுக்காட்டைத் தடுக்கும். எண்ணைப் பார்த்துவிட்டுப் பலரும் பெரியதையே வாங்குகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு வடிகட்டியின் ஊடாகச் செல்லும் காற்றுக்கு மட்டுமே பொருந்தும். மூக்கின் ஓரத்தில் ஒரு நெல்மணி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தால், காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்தச் சந்தின் வழியாகத்தான் போகும், ஏனெனில் அங்கேதான் தடை குறைவு. துணியும் துண்டும் நுண்தூசிக்கு உதவாமல் போவதற்கு நூலிழைகளின் இடைவெளி ஒரு காரணம், முகத்தோடு ஒட்டாதது இன்னொரு காரணம். துண்டை நனைத்துக் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தூசியில் நனைத்த துண்டு சிறிது நேரத்தில் சேறு பூசியதாகி, மூச்சை இழுக்கவே வலிமை கேட்கும்.

எங்கள் இடத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. கவரியை அணிந்து, மூக்குப் பட்டையை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி வளைக்க வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து, இரு பக்கமும் சந்து விட்டுவிடும். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் கவரியை மூடிக்கொண்டு பலமாக மூச்சை விட வேண்டும். கண்ணிமையில் காற்று பட்டால் மேலே சந்து இருக்கிறது என்று பொருள். நீங்கள் சொன்ன அந்தக் கண்ணாடி ஆவியும் இதே சந்தின் வேலைதான். ஆகவே உங்கள் கண்ணாடியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனை உண்டு. தூசியில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு கவரியைக் கழற்றி, முகத்தைத் துடைப்பதற்கு முன்பாகவே நிலைக்கண்ணாடியில் பாருங்கள். கவரி மூடியிருந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். மூக்கின் ஓரத்திலிருந்து உதட்டை நோக்கி ஒரு மெல்லிய கோடு இறங்கியிருந்தால் தூசி அந்த வழியாகத்தான் நுழைகிறது. எங்களுக்கு அந்தக் கோடு வெள்ளையாகத் தெரியும். என் முகத்தில் பல ஆண்டுகள் அந்தக் கோடு இருந்தது. அதன் பொருளை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது மாடிப்படி ஏறினால் இருமல் வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கெட்டில் தாதி (கோல கெட்டில்):

தங்கை, ஐயா சொன்ன ஒட்டுதலை முதலில் வையுங்கள். நான் அந்த விழாவுக்கு 2018லும் 2022லும் சென்றிருக்கிறேன். முதல் முறை பி100 வடிகட்டி பொருத்திய சிலிக்கோன் கவரியை நம்பிப் போனேன். அது முகத்தில் அருமையாக ஒட்டும். ஆனால் பகல் வெயில் 38 பாகையைத் தொடும் இடத்தில் தாடை முழுவதும் வியர்வை தேங்கியது, பேசுவது எதிரில் நிற்பவருக்கே கேட்கவில்லை, தண்ணீர் குடிக்க ஒவ்வொரு முறையும் பட்டையை அவிழ்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அது பையிலேயே தங்கிவிட்டது. இரண்டாம் முறை தட்டையாக மடியும் என்95 கவரியைக் கொண்டுபோனேன். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் செல்லும் வகை, மூச்சை வெளியே விடும் சிறு அடைப்பிதழ் வைத்தது. காதில் பாரம் இல்லை, உள்ளே வெப்பமும் சேரவில்லை. நாளுக்கு ஒன்று என்று எண்ணி, மேலும் ஐந்தைக் கூட்டி எடுத்துச் செல்லுங்கள். மூச்சு இழுப்பது கனமாகத் தோன்றினால் அது அடைத்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அம்மாவின் துண்டை விட்டுவிடாதீர்கள். அதைக் கவரிக்கு மேலே தளர்வாகக் கட்டினால், பெருந்தூசியை அது வாங்கிக்கொள்ளும், கவரி விரைவில் அடைக்காது, கழுத்திலும் வெயில் படாது. என்95ஐ மட்டும் துவைக்கவே கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்ட மின்னூட்டமே நுண்துகளைப் பிடிக்கிறது; சவர்க்காரம் பட்டால் அது போய்விடும், பார்வைக்குப் புதியதாகவே இருக்கும். துண்டைத் துவைக்கலாம் என்றாலும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அங்கே குடிநீர் விற்பனை கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6 லிட்டரை நாமே கொண்டுபோக வேண்டும். கழுவிய அழுக்குத் தண்ணீரைத் தரையில் ஊற்றவும் அனுமதியில்லை. ஆகவே துவைப்பதைவிட நான்கு துண்டுகளை மாற்றிக் கட்டுவதே எளிது. பயன்படுத்திய கவரிகளையும் திரும்ப எடுத்துவர வேண்டும், ஒரு நூல்கூட அங்கே விழக்கூடாது.

தூசிக்கண்ணாடியைப் பொறுத்தவரை, மூக்குக்கண்ணாடிக்கு மேல் அணியும் அகலமான வகையைக் கேட்டு வாங்குங்கள். காற்றுத் துளைகள் நேராகத் திறந்திருக்கக்கூடாது. மூடியிட்டு வளைந்து செல்லும் துளைகளாக இருக்க வேண்டும். முகத்தில் படும் விளிம்பில் மென்மையான நுரை வேண்டும். இரண்டு வாங்குங்கள்: பகலுக்கு நிறமிட்டது ஒன்று, இரவுக்குத் தெளிவானது ஒன்று. இரவிலும் தூசி எழும். கறுப்புக் கண்ணாடியை மட்டும் கொண்டுபோனவர்கள் இருட்டில் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குள் வைக்கும் வில்லைகள் வேண்டவே வேண்டாம். இங்கே போட்டுப் பார்க்கும்போது தூசிக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மனம் தளராதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் அங்கே கிடையாது, வியர்வையே நொடியில் காய்ந்துவிடும். அதே வறட்சிதான் மூக்கின் உள்தோலை வெடிக்கச் செய்து இரத்தம் கசிய வைக்கிறது. உப்புநீர்த் தெளிப்பான் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் உண்டு. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கெடுதல் என்பதால், இழுப்புள்ள நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குவதும் உண்டு. தூசியைப் போலவே குளிர்காற்றும் இழுப்பைத் தூண்டும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். இழுப்பை உடனே தணிக்கும் நீல நிற இன்ஹேலர் இரண்டு வேண்டும். ஒன்று எப்போதும் உங்கள் இடுப்புப் பையில், மூடியிட்டு, இழுத்து மூடும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். வாய்ப்பகுதியில் தூசி படிந்திருந்தால் மருந்தோடு அதுவும் உள்ளே போகும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுவைக்காதீர்கள்.

கால்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. காரத்தூசி குதிகாலை வெடிக்கச் செய்யும் என்பதால் வெறுங்காலோடும் சிலிப்பரோடும் நடக்காமல் காலுறையும் சப்பாத்தும் அணியுங்கள். இரவில் ஒரு பங்கு சுக்காவுக்கு (சமையலுக்குப் பயன்படுத்தும் வினிகர்) நான்கு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் பாதத்தைத் துடைத்துவிட்டு களிம்பு பூசுங்கள். சுக்காவின் புளிப்பு காரத்தை முறிக்கும்.

பால்மரத்தடி (சுங்கை சிப்புட்):

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, உங்கள் இருமலைப் பற்றி வாசித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது.

அக்கா சொன்ன மடிப்பு வகையில் இரண்டு வாங்கி, சனிக்கிழமை தோட்டத்துச் செம்மண் பாதையில் சோதித்தேன். ஒரு வாரமாக மழை இல்லாததால், குலை ஏற்றிய லோரி ஒவ்வொன்றும் போகும்போது பாதையே மறைந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடியைப் பார்த்தேன். இடது மூக்கின் ஓரத்திலிருந்து உதடு வரை, பென்சிலால் கோடு இழுத்ததைப் போல, சிவப்பாக ஒரு கோடு. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. காரணம் பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே கவரியை அணிந்திருக்கிறேன். கண்ணாடியின் இடப்பக்க மூக்குத்தாங்கி கவரியின் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கவரியை முதலில் பொருத்தி, பட்டையை இரு கையாலும் அழுத்தி, அதன் மேல் கண்ணாடியை வைத்தேன். கோடு இல்லை. கண்ணாடியிலும் ஆவி படியவில்லை. இரண்டரை மணி நேரம் கழற்றாமல் இருந்தேன், காதும் வலிக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கூடாரத்துக்குள் தூங்கும்போதும் கவரியை அணிய வேண்டுமா?

கெட்டில் தாதி (கோல கெட்டில்):

அமைதியான இரவில் வேண்டாம், தங்கை. முகத்துக்கும் ஓய்வு தேவை. கூரையிலும் சுவரிலும் வலைத்துணி வைத்த கூடாரமாக இருந்தால் தூசி அதன் வழியே இறங்கும் என்பதால், வலையை மூடும் துணியை அண்ணனிடம் முன்பே தைத்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் கூடாரத்தை விட்டு வெளியேறும்போது படுக்கையின் மேல் ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடிவிட்டு, இரவில் அதை உட்பக்கமாகச் சுருட்டி வெளியே எடுத்துச் சென்று உதறுங்கள். காற்று வீசும் இரவில் மட்டும் புதிய கவரி ஒன்றை அணிந்துகொண்டு படுங்கள்; இன்ஹேலர் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். 2023இல் நடந்ததைப் போல மழை பெய்துவிட்டால் அந்தத் தூசியே களிமண்ணாகச் சப்பாத்தில் ஒட்டிக்கொள்ளும், வாகனங்கள் நகர முடியாமல் போகும், திரும்பும் நாளும் தள்ளிப்போகும். ஆகவே மருந்தையும் கவரியையும் மேலும் மூன்று நாளுக்குச் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.